மொத்தத் தொகை எழுதப்படாத தாள்: கலிபோர்னியாவின் பெல் நகரம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் பெல் என்ற சின்ன நகரத்தில் குடியிருக்கும் ஒருவர் நகர அலுவலகத்துக்குப் போய் ஒரு விவரம் கேட்டார். கவுன்சிலர்களுக்கும் நகர நிர்வாகிக்கும் சம்பளம் எவ்வளவு? அந்த ஊர் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கவுன்சிலருக்கு மாதம் 673 டாலர், நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவுக்கு மாதம் 15,478 டாலர் என்று அதில் இருந்தது.

அந்தத் தாள் பொய். 2010இல் உண்மைக் கணக்கு வெளியே வந்தபோது கவுன்சிலர்கள் நால்வர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 97,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் 787,637 டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளம் 400,000.

நகராட்சிகளின் பொறுப்புடைமை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. சட்டம் இல்லாததால் பெல் நகரம் கொள்ளை போகவில்லை. தேர்தல், தணிக்கை, ஆவணம் கேட்கும் சட்டம், கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும் என்ற விதி என எல்லாமே அங்கே இருந்தன. காகிதத்தில் பெரும்பாலும் எல்லாமே நடந்துகொண்டும் இருந்தன. ஆனால் ஒரே ஒரு காரியம் நடக்கவில்லை. யாருக்கு மொத்தம் எவ்வளவு என்பதை ஒரே தாளில், ஒரே வரியில், உண்மையாக யாரும் எழுதவில்லை. அப்படி எழுதவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே நிர்வாகமாக இருந்தது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் தென்கிழக்கே இரண்டரை சதுர மைல் பரப்பில் இருக்கிறது பெல். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 35,477 பேர். பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். உழைத்துச் சாப்பிடும் ஜனம். குடியுரிமை இல்லாததால் ஓட்டுப்போட முடியாதவர்கள் அதில் நிறைய. நகர மன்றத்தை வாராவாரம் போய்ப் பார்த்து எழுதும் பத்திரிகை எதுவும் அங்கே மிச்சமில்லை.

மன்றத்தில் 5 கவுன்சிலர்கள். எல்லோருக்கும் வேறு தொழில் உண்டு. மன்ற வேலை பகுதிநேரம்தான். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நிர்வாகியின் கையில், நம் ஊர் நகராட்சி ஆணையர் மாதிரி. ஆனால் நம் ஆணையரை அரசு அனுப்புகிறது, அரசே மாற்றுகிறது. அங்கே மன்றமே அமர்த்தி, மன்றமே சம்பளமும் பேசும். அந்த இடத்துக்கு ரிஸ்ஸோ 1993இல் வந்தார். அப்போது அவருக்கு ஆண்டுக்கு 72,000 டாலர். பணத்தைச் சிக்கனமாக ஆளத் தெரிந்தவர், வரவு செலவைச் சரிக்கட்டுபவர் என்று பெயர் எடுத்தார். அந்த நல்ல பெயர் பின்னால் மிகவும் பயன்பட்டது. "இந்த மனிதர் இல்லையென்றால் ஊர் திவாலாகிவிடும்" என்று கவுன்சிலர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். கவுன்சிலர்களில் ஒருவரான மேயர் ஆஸ்கர் ஹெர்னாண்டஸ் கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்காமல் பேசினார்.

திருப்பம் 2005இல் வந்தது. சாதாரண நகரங்களில் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வரம்பு வைத்திருந்தது. பெல் அளவு ஊரில் மாதம் 400 டாலர் வாக்கில் கிடைக்கும். துணை அமைப்புகளில் உட்கார்ந்ததற்கு என்று தனியாகப் படி வாங்கும் வழக்கத்துக்கும் அந்த ஆண்டு மாநிலம் கடிவாளம் போட்டது. ஆனால் தனக்கென ஒரு சாசனத்தை (ஊரின் சொந்த அடிப்படைச் சட்டத்தை) மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொள்ளும் நகரத்தை, 'சாசன நகரம்' என்பார்கள், இந்த வரம்பு கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பெல்லில் ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. உள்ளூர் விவகாரங்களில் ஊருக்கு அதிக அதிகாரம் கிடைக்கும் என்று சொன்னார்கள். சம்பளத்தைப் பற்றி வாக்குச்சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. நன்றி நாள் விடுமுறை முடிந்த அடுத்த வாரம், வேறு எந்தத் தேர்தலும் கூட இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை. 35,000 பேர் உள்ள ஊரில் ஓட்டுப்போட்டவர்கள் 400 பேருக்கும் குறைவு. அதிலும் பாதிக்கு மேல் தபால் ஓட்டு.

வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது, தீர்மானம் செல்லுபடியானது. ஆனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தேர்தலை எப்போது வைப்பது என்பதை வெறும் ஏற்பாட்டு விஷயமாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அப்புறம் பணத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று பார்க்கலாம். இந்த நிகழ்வில் பாடம் படிக்க வேண்டிய இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கவுன்சிலருக்கு "97,000 டாலர் சம்பளம்" என்று எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை. நகர மன்றத்தின் அதே 5 பேர்தான் பொது நிதி ஆணையம், உபரிச் சொத்து ஆணையம், வீட்டுவசதி ஆணையம், திடக்கழிவு மற்றும் மறுசுழற்சி ஆணையம் என்று வேறு வேறு பெயர்களிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாதப்படி. நகர மன்றக் கூட்டம் நடக்கும் அதே மாலையில், அதே நாற்காலியில், ஒரு ஆணையத்தைத் திறந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மூடுவார்கள். அடுத்த ஆணையம் திறக்கும். திடக்கழிவு ஆணையம் கூடிய நாள்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது; அது செய்த வேலை என்று காட்ட ஒன்றுமில்லை. படி மட்டும் மாதாமாதம் போனது. ஒவ்வொரு தொகையையும் தனியாகப் பார்த்தால் கண்ணை உறுத்தாது. கூட்டினால்தான் தெரியும், கூட்டுவதற்கு ஆள் இல்லை.

ரிஸ்ஸோவின் சம்பளத்திலும் இதே கைவேலைதான். ஒப்பந்தம் துண்டுதுண்டாகப் பிரிந்து நகரத்தின் பெயரிலும் துணை அமைப்புகளின் பெயரிலும் கிடந்தது. ஆண்டுக்கு 12 சதவீத உயர்வு, யாரும் மறுபடி வாக்களிக்கத் தேவையில்லாமல், தானாகவே ஏறும்படி எழுதியிருந்தார்கள். விடுப்பைக் காசாக்குவது உள்ளிட்ட மற்றச் சலுகைகளையும் சேர்த்தபோது ஒரே ஆண்டில் அவருக்கான செலவு 15 லட்சம் டாலரைத் தாண்டியது. உதவி நிர்வாகி ஏஞ்சலா ஸ்பாச்சியாவுக்கு 376,288 டாலர். சின்ன ஊரின் சின்னப் போலீஸ் படைக்குத் தலைவராக வந்த ராண்டி ஆடம்ஸுக்கு 457,000. அது லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரப் போலீஸ் தலைவர் வாங்கியதைவிட அதிகம்.

ஐவரில் ஒருவர், லொரென்சோ வெலெஸ், இந்தக் கணக்கில் சேரவில்லை. அவருக்கு ஆண்டுக்கு 8,076 டாலர். பக்கத்து நாற்காலிக்காரர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வாங்கியதை இவர் ஒரு வருடத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். 8,076ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். 673 வரும். 2008இல் குடியிருப்பாளர் கையில் கொடுத்த தாளில் இருந்த அதே எண். பொய்க்குக்கூட ஒரு உண்மையான எண்ணைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பணமெல்லாம் ஊர் ஜனத்திடமிருந்து வந்தது. பெல்லின் சொத்துவரி அன்று 1.55 சதவீதம், கோடீஸ்வரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸில் 1.10. ஓய்வூதியச் செலவுக்கென்று வரம்பைத் தாண்டி சொத்துவரி வசூலித்திருந்தார்கள். மக்களின் ஒப்புதல் கேட்காமல் வணிக உரிமக் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போன வண்டியை மீட்க 300 டாலர் கட்ட வேண்டியிருந்தது. உரிமம் எடுக்க முடியாத நிலையில் வண்டி ஓட்டி வேலைக்குப் போகும் ஒரு குடியேறிக்கு அது எத்தனை நாள் கூலி என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

சரி, இத்தனை காவல்காரர்கள் இருந்தார்களே, என்ன செய்தார்கள்? வெளித் தணிக்கை நிறுவனம் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டது. மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங் பின்னால் வந்து பார்த்தபோது, நகரத்தில் உள்கட்டுப்பாடு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, தணிக்கையாளர்கள் வெறும் முத்திரை குத்தும் வேலைதான் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதினார். மாநில ஓய்வூதிய நிதியத்தின் ஆட்கள் 2006லேயே ரிஸ்ஸோவின் சம்பளம் ஒரே தாவலாகத் தாவியதைக் கவனித்தார்கள்; ஆனால் கவனித்ததோடு சரி. இவர்களில் யாரும் திருடவில்லை. தன் படிவத்தில் தன் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கோப்புக்குப் போனார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் ரிஸ்ஸோ மீது வருவதைவிட இவர்கள் மீதுதான் அதிகமாக வருகிறது. திருடனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, காவல்காரனிடம் எதிர்பார்க்கிறோம்.

உடைந்தது தற்செயலாகத்தான். பக்கத்து ஊர் மேவுட் 2010இல் தன் ஊழியர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிர்வாகத்தைப் பெல் நகரத்திடம் ஒப்படைக்க முடிவு செய்தது. அதை எழுதப் போன லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் விவெஸும், பெல் கவுன்சிலர்களின் சம்பளத்தை மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்கிறது என்று கேள்விப்பட்டார்கள். விவெஸ் சிறுவயதில் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர். அந்த ஜனத்தின் மொழி அவருக்குத் தாய்மொழி. கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தின்படி ஒப்பந்தங்களைக் கேட்டார்கள். நகர அலுவலகம் இழுத்தடித்தது. அவர்களும் விடவில்லை.

கடைசியில் ரிஸ்ஸோ சந்திக்க ஒப்புக்கொண்டார். நகர அலுவலகத்தில் இல்லை, லிட்டில் பேர் என்ற பூங்காவின் கூட்ட அறையில். அதிகாரிகளும் வழக்கறிஞரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஆவணங்கள் அடுக்காக இருந்தன. காட்லீப் நேரடியாகவே கேட்டார்: உங்கள் சம்பளம் எவ்வளவு? 700,000 டாலர் என்று பதில் வந்தது. உண்மை அதையும் தாண்டி இருந்தது என்பது கட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. இந்தத் தொகை மக்களின் தொண்டையில் சிக்கினால், தான் தப்பான தொழிலில் இருப்பதாகத்தான் அர்த்தம், தனியார் துறைக்குப் போனால் இதை ஈட்ட முடியும் என்கிற பொருளில் ரிஸ்ஸோ நிருபர்களிடம் சொன்னார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

2008இல் வந்த குடியிருப்பாளரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்குப் பொய்த் தாள் கிடைத்தது, நிருபர்களுக்கு உண்மை கிடைத்தது. வித்தியாசம் ரொம்ப எளிமையானது. அவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், யாரோ புதிதாக ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தார்கள். இவர்கள் கையெழுத்தான மூல ஒப்பந்தத்தைக் கேட்டார்கள், கூடவே வழக்குக்குப் போகத் தயாராக ஒரு பெரிய பத்திரிகை பின்னால் நின்றது. தகவல் கேட்டு மனு எழுதுகிறவர்கள் முதல் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம்: விளக்கம் கேட்காதீர்கள், ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டாவது பாதி ஒரு சாதாரண மனிதரால் முடியாதது. அது முடியாமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. ஊர்க்காரர் கேட்டால் பொய்யும், பத்திரிகை கேட்டால் உண்மையும் வரும் இடத்தில் சட்டம் இருந்து என்ன புண்ணியம்?

2010 ஜூலை 15 அன்று செய்தி வெளியானது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. 22ஆம் தேதி இரவு மன்றம் மூடிய கதவுக்குள் கூடியபோது வெளியே ஜனம் நள்ளிரவு தாண்டியும் கலையாமல் நின்றது. ரிஸ்ஸோ, ஸ்பாச்சியா, ஆடம்ஸ் மூவரும் விலகுகிறார்கள் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த சில நாளில் கவுன்சிலர்கள் தங்கள் சம்பளத்தை 90 சதவீதம் குறைத்தார்கள். குறைத்து எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் தெரியுமா? மாதம் 673 டாலர்.

ஊர்க்காரர்கள் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாஸ்டா' என்று வரும். ஸ்பானிய மொழியில் 'போதும்' என்று பொருள். வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, கவுன்சிலர்களைத் திரும்பப் பெறும் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். 2011 மார்ச் 8 அன்று அது நடந்தது. சாசன வாக்கெடுப்புக்கு 400 பேர்கூட வராத ஊரில் அன்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பழைய மன்றம் மொத்தமாகப் போய்ப் புதியவர்கள் வந்தார்கள்.

வழக்கு நீண்டது. 2010 செப்டம்பரில் 8 பேர் கைதானார்கள். 2013 மார்ச்சில் முன்னாள் கவுன்சிலர்கள் ஆறு பேரில் ஐவரை நடுவர் குழு சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகள் என்றது; லூயிஸ் ஆர்டிகா விடுதலையானார். ரிஸ்ஸோ 69 குற்றச்சாட்டுகளையும் எதிர்த்து வாதாடவில்லை. 2014 ஏப்ரலில் அவருக்கு 12 ஆண்டுச் சிறையும், நகரத்துக்கு 88 லட்சம் டாலர் திருப்பித் தர வேண்டும் என்ற உத்தரவும் வந்தன. ஸ்பாச்சியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம். ஆடம்ஸ் மீது குற்றவழக்கு போடவில்லை. ஆனால் வேலைக்கு வருமுன் அவரும் ஸ்பாச்சியாவும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. பெல்லின் பணத்தில் ஒரு பங்கை எடுக்க ஆவலாக இருப்பதாக ஆடம்ஸ் எழுத, நாம் எல்லோரும் சேர்ந்தே கொழுக்கலாம் என்று ஸ்பாச்சியா பதில் எழுதியிருக்கிறார். கூடவே ரிஸ்ஸோ அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கு: அளவாகத் தின்னும் பன்றி கொழுக்கும், பேராசைப் பன்றி வெட்டுக்குப் போகும்.

விசாரணையில், மளிகைக் கடைக்காரரான மேயர் ஹெர்னாண்டஸின் வழக்கறிஞர், அவர் அதிகம் படிக்காதவர், மற்றவர்கள் நீட்டியதில் கையெழுத்துப் போட்டார் என்று வாதாடினார். எனக்கு இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் கவுன்சிலராக வருவது நல்லதுதான். ஊரை அறிந்தவர் அவர். ஆனால் அவர் முன்னால் வைக்கும் தாள் அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் அன்று சொல்லவில்லை. அதற்காகத் தன் வங்கிக் கணக்கில் மாதம் 8,000 டாலர் ஏறுவது புரியவில்லை என்று சொன்னால், அதை ஏற்க முடியாது.

இதற்குப் பிறகு மாநிலத்தில் என்ன மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் பதவிகளின் சம்பளத்தை மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளரிடம் தர வேண்டும் என்ற உத்தரவு செய்தி வந்த சில வாரங்களிலேயே வந்தது. அவை ஒரே வலைத்தளத்தில் ஏறின. இன்று யாரும் தன் ஊரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். வரம்பு மீறி வாங்கிய சொத்துவரியில் சுமார் 29 லட்சம் டாலரை வீட்டுக்காரர்களுக்குத் திருப்பித் தர வழி செய்தார்கள். 2011இலும் அதற்குப் பிறகும் வந்த சட்டங்களின்படி, சாசன வாக்கெடுப்பை இனி ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையில் தனியாக வைக்க முடியாது. மாநிலம் முழுக்க நடக்கும் பொதுத் தேர்தலோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும், அதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டமும் நடத்த வேண்டும். விலைவாசியை மிஞ்சும் சம்பள உயர்வு ஒப்பந்தத்தில் தானாக ஏறுவதும் தடையானது.

ஒவ்வொரு அலுவலரும் பெறும் மாதச் சம்பளத்தை, யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே 4ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கலிபோர்னியா அடிபட்டுக் கற்றதை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் நகராட்சியின் வலைத்தளத்தில் அந்தப் பக்கம் இருக்கிறதா, எந்த ஆண்டுத் தேதி போட்டிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மாறியவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விதி. ஒரே ஆட்கள் ஒரே மாலையில் இன்னொரு ஆணையமாக மாறி உட்காரும்போது, அந்தக் கூட்டத்தைத் திறப்பதற்கு முன் எழுத்தரோ உறுப்பினரோ ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டு அறிவிக்க வேண்டும்: இந்தக் கூட்டத்தைக் கூட்டுவதால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் இத்தனை டாலர் கிடைக்கும். அதைச் சொன்ன பிறகுதான் கூட்டம் தொடங்கலாம்.